உழவனின் கையில் துவக்கு: யாருக்குப் பாதுகாப்பு?

பயிர்ச்சேதம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் நாட்டில் ஒரு பழைய கோரிக்கையும் கூடவே எழுகின்றது: "விவசாயிக்குத் துவக்குக் கொடுங்கள்; மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்." அண்மைக் காலமாக இதனுடன் இன்னொரு வாதமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை, இங்கு மட்டும் ஏன் கெஞ்ச வேண்டும் என்பதே அது. சீகிரியா, கிம்பிஸ்ஸ, இனாமலுவ போன்ற மாத்தளை மாவட்டத்துக் கிராமங்களின் துயரத்தைக் காட்டி முன்வைக்கப்படும் இந்த வாதம் அந்தக் கிராமங்களுக்கே கேடாக முடியும் என்பதை எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் உழவனின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். காட்டை ஒட்டிய சேனைகளில் சோளமும், தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் பெரிய வெங்காயமும் பயிரிடுபவன், காவற்பரணில் விழித்திருந்தே பாதிப் போகத்தைக் கழிக்கிறான். பகலில் குரங்கு, இரவில் பன்றி, எந்நேரமும் யானை. 2023இல் மட்டும் இந்நாட்டில் 470க்கும் மேற்பட்ட யானைகளும், மனித-யானை மோதலில் 160க்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். அதே ஆண்டில், ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அப்போதைய விவசாய அமைச்சர் வெளியிட்டார். எதிர்ப்பு வந்ததும் அது கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி, தத்தம் தோட்டத்தில் நின்று ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணுமாறு நாட்டு மக்கள் கேட்கப்பட்டனர். ஆண்டுதோறும் விளைச்சலை இழப்பவனுக்கு இவற்றைக் கேட்டுச் சிரிப்பு வராது. அவனுடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்கு விற்கப்படும் மருந்துதான் பொய்யானது.

துவக்கு அவனுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது என்பதே முதற்பொய். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுபடைக்கலங்கள் கட்டளைச் சட்டம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக வேட்டைத் துவக்கு வைத்திருக்க அதன்கீழ் அனுமதிப்பத்திரம் பெறலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே, தடையா உரிமையா என்ற அமெரிக்கப் பட்டிமன்றம் நமக்குப் பொருந்தாது. எத்தனை துவக்கு, யார் கையில், யார் கண்காணிப்பில் என்பதே நமது கேள்வி.

அனுமதியுள்ள துவக்கை விடக் கிராமத்துக்குக் கேடு செய்வது கட்டுத்துவக்கு. இரும்புக் குழாய், வெடிமருந்து, ஈயத்துண்டுகள், குறுக்கே கட்டிய ஒரு கம்பி. பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்துப் புதருக்குள் மறைத்துவிட்டால் போதும், காவலிருக்க ஆள் தேவையில்லை. ஆனால் கம்பிக்குப் பன்றியையும் பக்கத்து வீட்டுக்காரனையும் பிரித்தறியத் தெரியாது. விறகு பொறுக்கப் போனவனும், மாட்டைத் தேடிப் போனவனும், சில வேளைகளில் அதைக் கட்டிய கையே கொண்ட மனிதனும் முழங்காலுக்குக் கீழே சிதைந்து வைத்தியசாலைக்குச் சுமந்து செல்லப்படுகிறார்கள். மண்ணும் துருவும் புகுந்த அந்தக் காயம் காலை எடுத்துவிடுவதில் முடிவதும் உண்டு. காலிழந்தவன் முறைப்பாடு செய்யவும் தயங்குகிறான். கட்டியவன் பெரும்பாலும் தெரிந்தவன், சிலவேளை உறவினன்.

இனி, கிராமத்தில் குவியும் துவக்குகள் இறுதியில் எங்கே போகின்றன என்று பார்ப்போம். 1971 ஏப்ரல் 5ஆம் திகதி மக்கள் விடுதலை முன்னணியினர் 90க்கு மேற்பட்ட பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது, அவர்களிடம் பெருமளவில் இருந்தவை வேட்டைத் துவக்குகளும் கைக்குண்டுகளுமே. 1987-89 காலத்தில் மீண்டும் இரவில் கதவு தட்டப்பட்டது. துவக்கு வைத்திருந்த வீட்டுக்காரன் அதைக் கொடுத்து உயிர் தப்பினான். வடக்கிலும் கதை வேறல்ல. எண்பதுகளில் நம் இயக்கங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய துவக்குகளைப் பறித்துச் சென்றதை மறந்தவர் யார்? வீட்டைக் காக்க வாங்கிய ஆயுதம் ஆயுததாரியை வீட்டுக்கு அழைத்து வந்தது. தெற்கும் வடக்கும் சேர்ந்து படித்த பாடம் இது.

அமெரிக்காவுக்கு வருவோம். அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையைக் குறிப்பிட்டே தொடங்குகிறது. அது தனிமனிதனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது 2008இல்தான். அந்த உரிமையின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2021இல் அங்கு துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி வீட்டுக்காரனையே கொண்டுபோகிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பாடசாலையில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட பின்னரும் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டத்தைக் கடுமையாக்க மறுத்தது. இதையா நாம் இறக்குமதி செய்ய வேண்டும்?

"துப்பாக்கி கொல்வதில்லை, மனிதன்தான் கொல்கிறான்" என்பது அவர்களின் பிரசித்தமான வாதம். இதற்கான மறுப்பு நம்முடைய வயல்களிலேயே இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக அதிகமாயிருந்த நாடுகளில் ஒன்று இலங்கை. வறுமை, போர், கடன், குடி என்று காரணங்கள் ஆயிரம் இருந்தன. ஆனால் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது பூச்சிகொல்லிப் போத்தல். 1995இலிருந்து கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. மனித மனம் அதற்குள் மாறிவிடவில்லை, கடனும் தீர்ந்துவிடவில்லை. கைக்கெட்டிய கருவி அகற்றப்பட்டது; ஒரு கணத்து ஆவேசம் மரணமாக மாறுவது குறைந்தது. நஞ்சுக்குப் பொருந்தும் நியாயம் துவக்குக்குப் பொருந்தாதா?

எனினும், உழவனிடம் மட்டும் ஒழுக்கம் போதிக்கும் அரசையும் விட்டுவிட முடியாது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்தவன், சட்டப் புத்தகத்தைக் குடைந்து கொண்டுவரப்பட்ட கைத்துப்பாக்கியால் பிரதிவாதி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அதே மாத இறுதியில், ஒரேயொரு இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகக் கோஷ்டிகளுக்குப் போய்ச் சேர்ந்ததாக ஜனாதிபதியே பாராளுமன்றத்தில் தெரிவித்தார். அக்டோபரில் வெலிகம பிரதேச சபைத் தலைவர் தமது அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சேனைக்காரனின் துவக்குக்கு ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் அரசு, தன் களஞ்சியத்துத் துப்பாக்கிக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?

அச்சத்தால் கோட்டை கட்டியவனின் கதையைச் சீகிரியாவில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தந்தையைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தம்பிக்கு அஞ்சி அக்குன்றின் மீது அரண் அமைத்தான். இறுதியில் சமவெளிக்கு இறங்கிப் போரிட்டபோது, சேற்றைக் கண்டு விலகித் திரும்பிய அவனது யானையைப் படையினர் பின்வாங்கலாக எண்ணிக் கலைந்தோடினர். அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம். அவ்வளவு பெரிய அரணும் அவனைக் காக்கவில்லை.

அப்படியானால் உழவனுக்கு என்ன வழி? மாற்று வழிகள் எழுதப்பட்டே இருக்கின்றன. கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசிய செயற்றிட்டம், காட்டின் எல்லையில் வேலி போடுவதை விட்டு, கிராமத்தைச் சுற்றியும் போகக் காலத்தில் வயலைச் சுற்றியும் மின்வேலி அமைத்து, ஊராரே அதைப் பராமரிக்கும் முறையை முன்வைத்தது. அதை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள். பயிர்ச்சேதத்துக்கான நட்டஈட்டை அடுத்த விதைப்புக்கு முன்னரே கொடுங்கள். கட்டுத்துவக்கை ஒப்படைப்பவனுக்குத் தண்டனையின்றிக் காலக்கெடு ஒன்றை அறிவியுங்கள். அதன் பின்னரும் கட்டுபவனைத் தப்பவிடாதீர்கள். படைக் களஞ்சியங்களைச் சுயாதீனமாகக் கணக்கெடுத்து அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வையுங்கள்.

1996இல் போர்ட் ஆதர் என்னுமிடத்தில் 35 பேர் கொல்லப்பட்ட பின், அவுஸ்திரேலியா ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அங்கும் விவசாயிக்கு இன்று துப்பாக்கி உண்டு. ஆனால் தேவையை அவன் நிரூபிக்க வேண்டும். "என் தற்காப்புக்காக" என்ற காரணம் அங்கே ஏற்கப்படுவதில்லை. நாம் பார்க்க வேண்டிய திசை அதுவே.

மின்வேலிக்கும் நட்டஈட்டுக்கும் பணம் வேண்டும். துவக்கு அனுமதிக்கு ஒரு கையொப்பம் போதும். அரசியல்வாதிக்குத் துவக்கு பிடித்துப்போவதன் இரகசியம் இதுதான். செலவில்லாத அந்தத் தாராளத்தின் விலையை, காலையில் மாட்டைத் தேடிப் போகிறவன் தன் காலால் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.