சுவர் போகிறது, பாசி இருக்கிறது

மார்கழி பாதி தாண்டிவிட்டால் எங்கள் பக்கத்தில் கச்சேரிச் சத்தத்தைவிட அதிகம் கேட்பது தண்ணீர் பீய்ச்சும் மெஷினின் சத்தம்தான். பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வெயில் படாத வடக்குச் சுவரெல்லாம் பச்சை. சன்ஷேடுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாக வழிசல். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் வழுக்குகிறது. உடனே யாராவது ஒருவர் சொல்வார்: "வாட்டர் வாஷ் ஆளைக் கூப்பிடுங்க சார், ஒரு அடி அடிச்சா எல்லாம் போயிடும்."

போய்விடும்தான். எது போகிறது என்பதில்தான் என் வயிற்றெரிச்சல்.

பைக்கும் காரும் கழுவுகிற கடையிலிருந்து கிளம்பி வீட்டுச் சுவருக்கு வந்துசேர்ந்த மெஷின் அது. அதன் பலம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மூன்று மாடி உயரத்துத் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு இறங்கும் தண்ணீரின் அழுத்தம் சுமார் ஒரு பார். கார் டயரில் அடைக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேல். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கிற சாதாரணப் பிரஷர் வாஷரே 100 பாரிலிருந்து 150 பார் வரை போகும். தொழில்முறை மெஷின்கள் அதையும் தாண்டும். மனிதத் தோலைத் துளைக்க ஏழு பார் போதும். மேலே பார்த்தால் ஊசி குத்தின அளவுக்கு ஒரு புள்ளிதான் தெரியும். தண்ணீரும் அழுக்கும் சதைக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். கவனிக்காமல் விட்டு விரலையே இழந்தவர்கள் உண்டு. இப்படிப்பட்ட துப்பாக்கியை, ஹவாய்ச் செருப்பும் லுங்கியுமாக ஒரு பையன், கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்துகொண்டு பிடித்திருப்பான். விசையை அழுத்தும்போதெல்லாம் பலகை பின்னால் போகும். கீழே நிற்கிற நாம், "அந்த மூலையில விட்டுப்போச்சு பாருப்பா" என்று கை காட்டுவோம்.

எங்கள் குடியிருப்பில் இந்தத் திருப்பணி நடந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த மெஷின்களின் நாசில்களை நிறம் வைத்துப் பிரித்திருப்பார்கள். சிவப்பு என்றால் தண்ணீர் விரியாமல் ஒரே கோடாகப் பாயும். மஞ்சள் 15 டிகிரி, பச்சை 25, வெள்ளை 40 என்று விரிந்துகொண்டே போகும். கறுப்பு, சோப்புத் தண்ணீருக்கு. சிமென்ட் பூச்சின் மேல் அடித்த பெயின்ட்டுக்கு மெஷினைக் கொண்டுவந்தே தீருவேன் என்றால் வெள்ளையைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். வந்த தம்பியிடம் இருந்தது ஒரே ஒரு நாசில். என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"தம்பி, வேற நாசில் கிடையாதா?"

"இதுதான் சார் நல்லா அடிக்கும்."

"கொஞ்சம் தள்ளி நின்னாவது அடிக்கலாமே?"

"தள்ளி நின்னா வேகம் பத்தாது சார். கிட்டப் போனாத்தான் உரியும்."

உரிந்தது. கன் போன தடமெல்லாம் சுவரில் கோடு விழுந்தது. கோட்டுக்குள் பெயின்ட் இல்லை, பிரைமர் இல்லை. மேஸ்திரி கடைசியாக இழுத்துவிட்ட வழவழப்பும் போய் மணல் தெரிந்தது. தடவினால் பொலபொலவென்று கையில் வந்தது. ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டத்தில் மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்காக வைத்த ஓட்டை வழியாகவே தண்ணீர் உள்ளே புகுந்து, இரண்டாம் மாடி அக்கா வீட்டு மெத்தை தெப்பலாக நனைந்தது. ஏசி அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் ஒன்றோடொன்று மடங்கி ஒட்டிக்கொண்டன. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான்.

சரி, இத்தனை சேதாரத்துக்குப் பிறகு பாசியாவது ஒழிந்ததா? அடுத்த மழைக்கே அதே இடத்தில், முன்னைவிட அடர்த்தியாக வந்து உட்கார்ந்தது. வராமல் என்ன செய்யும்? பாசியும் பூஞ்சணமும் உயிருள்ளவை. மேலே தெரிவது பாதி. மீதி, பூச்சின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது. சில சுவர்களில் காவி நிறத்தில் படிந்திருப்பதைப் பார்த்து "உள்ளே கம்பி துருப்பிடிச்சிருக்கு" என்று பதறுவார்கள். பல நேரம் அதுவும் டிரென்டிபோலியா என்கிற பாசி இனம்தான். வேகமாகத் தண்ணீர் அடித்தால் மேலே இருப்பது சிதறும், உள்ளே இருப்பது சாகாது. போதாததற்கு, வழவழப்பான சுவரைச் சொரசொரப்பாக்கி, ஈரம் தங்க இடமும் பண்ணிக் கொடுத்துவிடுகிறோம். பூச்சுக்குள் புகுந்த தண்ணீர் காயும்போது சும்மா காய்வதில்லை. உள்ளிருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சுவரில் உப்பு பூத்துப் பொரிந்துபோவது இப்படித்தான். கழுவிய மறுநாளே, ஈரம் காய்வதற்குள் பெயின்ட் அடித்தால் கொப்புளம் வேறு.

இதற்குச் சரியான வழி ஒன்றும் ரகசியமில்லை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை யாராவது உளி வைத்துச் செதுக்குவார்களா? தண்ணீர் ஊற்றி ஊறப் போடுவார்கள்; கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுக்கொடுக்கும். சாஃப்ட் வாஷ் என்று இன்று தொழிலாக நடப்பது இதுதான். பாசியைக் கொல்லும் மருந்தை மெல்லத் தெளித்து, ஊறவிட்டு, செத்த பிறகு சாதாரண ஓஸ் பைப் வேகத்திலோ அதைவிடச் சற்றே கூடவோ கழுவுவது. அமெரிக்காவில் ஆஸ்பால்ட் கூரைத் தகடு தயாரிப்பவர்களின் சங்கமே, பாசி பிடித்தால் பிரஷர் வாஷரை அண்டவிடாதே, பிளீச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றி ஊறவிட்டு அலசு என்றுதான் சொல்கிறது.

மருந்தும் நமக்குப் புதிதல்ல. 2020-ல் தெருத்தெருவாக டேங்கரில் கொண்டுவந்து அடித்தார்களே, அதே சோடியம் ஹைப்போகுளோரைட். கெமிக்கல் கடையில் கேனில் விற்பது பெரும்பாலும் பத்து சதவீதம் சுமார். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்தால் ஒரு சதவீதம் ஆயிற்று. சுவர்ப் பாசிக்குப் பொதுவாக அது போதும். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் வழிந்தோடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பத்துப் பதினைந்து நிமிஷம், காயவிடாமல். பிறகு அலசல். வெயிலில் கிடந்த பழைய கேனாக இருந்தால் வீரியம் போயிருக்கும், ஆகையால் புதிதாக வாங்க வேண்டும். சுவரோரத்துச் செடிகளை முன்பும் பின்பும் தண்ணீரால் நனைத்துவிட வேண்டும். கிரில்லில் பட்டால் உடனே அலசிவிட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

இவ்வளவுதான் பக்குவம். ஆனால் இதிலும் நம்மவர்கள் ஒரு கை பார்ப்பார்கள். "ஹைப்போ மட்டும் பத்தாது சார், கூடவே கொஞ்சம் டைல்ஸ் கழுவுற ஆசிட் ஊத்தினா சூப்பரா வரும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்தியது. கழுவ வந்தவனை மூச்சுத் திணற வைத்துத்தான் சுவர் வெளுக்க வேண்டுமா? இன்னொன்று: 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய் பல வீடுகளில் நேரே கிணற்றுக்கோ உறைக்குழிக்கோ போகிறது. மருந்து ஊற்றிக் கழுவும் நாளில் அந்தக் குழாயைத் திருப்பிவிட வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

இதையெல்லாம் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். கிடைத்த பதிலை மறக்க முடியாது. "மருந்தை ஊத்திட்டு கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கா சார் காசு கொடுப்பாங்க?" விஷயம் அங்கேதான் இருக்கிறது. வேலை நடக்கிறதென்றால் சத்தம் கேட்க வேண்டும், தண்ணீர் தெறிக்க வேண்டும், அழுக்கு கண்ணெதிரே ஓட வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவன் காத்திருந்தால் அவன் நம் கணக்கில் சோம்பேறி. அடித்துப் பெயர்ப்பவன் உழைப்பாளி. கூலியை நாம் இப்படி அளக்கும்வரை கான்ட்ராக்டர் எதற்கு நிதானமாகச் செய்யப்போகிறார்?

வீட்டுச் சுவரோடு இது நிற்கவில்லை. கும்பாபிஷேகத் திருப்பணி என்ற பெயரில் பழங்கோயில் கற்களின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். கல் பளிச்சென்று ஆனது. கல்வெட்டு எழுத்து மழுங்கியது, சிற்பங்களின் கூர்மை தேய்ந்தது. பிறகுதான் கூடாதென்று தடை போட வேண்டிவந்தது. அதே நாட்டில்தான் தொல்லியல் துறையினர் தாஜ்மகாலின் பளிங்குக்கு 1994-லிருந்து சில முறை முல்தானி மிட்டியைக் குழைத்துப் பூசி, அது காய்ந்து அழுக்கை இழுத்துக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, பிறகு தண்ணீரால் அலசி எடுத்தார்கள். பொறுமையாகச் செய்ய நமக்குத் தெரியாமல் இல்லை. சொந்த வீடென்றால் மட்டும் அவசரம்.

மொட்டைமாடிக் கதை தனி. தட்டோடு பதித்த தளத்தில் ஓடுகளுக்கு நடுவே இருக்கும் சிமென்ட் இணைப்புதான் மழையைத் தடுக்கிறது. கன்னை அதன் மேல் ஓட்டினால் அழுக்கோடு இணைப்பும் பெயர்ந்து வரும். தளம் செக்கச்செவேல் என்று ஜொலிக்கும். அடுத்த மழையில் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் படம் வரையும். மெஷினே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கார் நிறுத்தும் கான்கிரீட் தளம், கேட் முன்னால் படிந்த சேறு, கருங்கல் படி என்று அதற்கான இடங்கள் உண்டு. அங்கே அடிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது?

எல்லாவற்றுக்கும் மேலே, பாசி எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்ப்பாரில்லை. அந்தக் காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தார்கள். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பாசி எளிதில் பிடிக்காது. பிடித்தாலும் அடுத்த தை மாதம் வரைதான் அதற்கு ஆயுசு. இப்போது எமல்ஷன். அதில் கலந்திருக்கும் பாசித்தடுப்பு மருந்து மழைக்கு மழை கரைந்து போய்க்கொண்டே இருக்கும். அது தீர்ந்த பிறகு ஈரம் தங்கும் இடமெல்லாம் பாசிக்குப் பட்டா போட்டதுதான். ஈரம் ஏன் தங்குகிறது? சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி, விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக்கோடு விட்டிருந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிக் கீழே விழுந்துவிடும். அது இல்லாததால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரில் இறங்குகிறது. கட்டும்போது மேஸ்திரிக்கு அரை நாள் வேலை. எங்கள் கட்டடத்தில் ஒரு சன்ஷேடில்கூட அது கிடையாது. ஏசி தண்ணீர்க் குழாயை அந்தரத்தில் வெட்டி விட்டிருக்கிறார்கள், அது நாளெல்லாம் சுவரில் வழிகிறது. மேல்தொட்டி நிரம்பி வழிவதோ தினப்படி விசேஷம். மோட்டாரை நிறுத்த ஆள் கிடையாது. வழிந்த இடத்தைக் கழுவ மட்டும் வருஷா வருஷம் பட்ஜெட்.

போன கூட்டத்தில் வரவு செலவு வாசித்தார்கள். கழுவிய செலவு, கழுவியதால் ஒழுகிய மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செலவு, உரிந்த சுவருக்குப் பூச்சு வேலை, அதன் மேல் பெயின்ட். நாலாவது வரியில் நிமிர்ந்து, "சன்ஷேடுக்கு அந்தப் பள்ளக்கோடு வெட்ட எவ்வளவு ஆகும்னு யாராவது கேட்டோமா?" என்றேன். "அதெல்லாம் பெரிய வேலை சார்" என்று செயலாளர் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார். தீர்மானம் என்ன தெரியுமா? பாசி மறுபடி மறுபடி வருவதால், இந்தத் தடவை இன்னும் பவர்ஃபுல்லான மெஷின் வைத்திருப்பவரிடம் கொட்டேஷன் வாங்குவது. ஏகமனதாக நிறைவேறியது. ஆட்சேபணை தெரிவித்த ஒரு கை கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.