எங்க ஒப்பாரிக்கு எத்தனை சதவீதம்?

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி கொண்டுவந்தது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும். 40ஐத் தாண்டினால் ஊதிய உயர்வும் போகும். விதி வந்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் மிஷின் எதோடு ஒப்பிடுகிறது? அச்சில் வந்து கணினியில் ஏறியதோடு. கரிசக்காட்டில் களையெடுக்கிற பொம்பளை பாடுனது எந்தக் கணினியில இருக்கு?

திருப்பதியில் ஒரு வேதியியல் பேராசிரியர் 70க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திருடியும் இட்டுக்கட்டியும் வெளியிட்டது 2008இல் அம்பலமானது. திருடப்பட்டது அச்சில் இருந்தது, எடுத்துக்காட்ட முடிந்தது. நம்மிடம் இருப்பது தொண்டைதானே!

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள் என் பெரியம்மா. அவள் ஒப்பாரியை ஒருவர் டேப்பில் பிடித்துப்போனார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவள் பேர், வயசு, சாதி, ஊர் நாலும் இருந்தது. 'தகவலாளி'யாம். அதுவே ஆய்விதழில் கட்டுரையானபோது பின்னிணைப்பு அறுந்துபோச்சு. எந்தச் சாவுக்கு எதைப் பாடணும், எதைப் பாடக்கூடாது, ஏன் என்று அவள் சொன்ன விளக்கமெல்லாம் கட்டுரையாளரின் கண்டுபிடிப்பாகிவிட்டது. மிஷினில் போட்டுப் பாருங்கள், ஒன்றும் சிக்காது. சுத்தமான கட்டுரை!

கேட்டால், நாட்டுப்புறப் பாட்டு பொதுச்சொத்து, அதுக்கு ஆசிரியர் கிடையாது என்கிறார்கள். கிணறு பொதுவில்லை, கோயில் பொதுவில்லை, சுடுகாடு பொதுவில்லை. எங்க பாட்டு மட்டும் பொதுவா? ஆசிரியர் இல்லாத பாட்டை வைத்து எழுதிய கட்டுரைக்கு மேலே உங்க பேர் எதுக்கு?

பிறர் ஆக்கத்தையோ கருத்தையோ தனதென்று காட்டுவதே கருத்துத் திருட்டு என்றுதான் அந்த விதியும் சொல்கிறது. பெரியம்மா சொன்ன விளக்கமும் இதில் அடங்கும். ஆனால் புகார் கொடுக்கவேண்டியது யார்? கல்விச் சமூகத்தைச் சேர்ந்தவர், அதுவும் தக்க ஆதாரத்தோடு. கைநாட்டு வைக்கிற பெரியம்மா எந்தச் சமூகம்? ஆய்வேட்டில் அவளுக்கு எழுதிவைத்த சமூகம் வேற.

ஆய்விதழ் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். பாடியவர் பேரும் சம்மதமும் கட்டுரைக்குள்ளேயே இருக்கவேண்டும். விளக்கம் அவருடையது என்றால் அவருடையது என்றே எழுதவேண்டும். அச்சேறும் முன் அவருக்குப் படித்துக் காட்டவேண்டும். ஊரிலிருந்து வாய்ச்சொல்லாக வரும் புகாரையும் வாங்குங்கள். எழுதியவரிடம் விளக்கம் கேளுங்கள், அவர் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நிரூபணமானால் கட்டுரையை வாபஸ் வாங்கி, வாங்கியதை உங்கள் இதழிலேயே போடுங்கள்.

கல்லூரியில் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஒன்று. நீங்களும் கல்விச் சமூகம்தான். பின்னிணைப்புகளைத் தேடிப் படியுங்கள். ஊருக்குப் போய்ப் பாடினவர்களைப் பாருங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால் துறைக் குழு 45 நாளில் அறிக்கை தரவேண்டும். புகாரை எழுதுங்கள்.