படமா, பத்திரமா?

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிட்னிக்குப் போயிருந்தோம். டார்லிங் ஹார்பரில் நடந்து நடந்து கால் வலித்தபோது, ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அரும்பொருளகம் கண்ணில் பட்டது. இளைய மகளுக்குக் கப்பல் பார்க்க ஆசை. எனக்குக் குளிர்சாதனம் போதும். நுழைந்துவிட்டோம்.

உள்ளே ஒரு கூடத்தில் வரிசையாக மரப்பட்டை ஓவியங்கள். யூகலிப்டஸ் மரத்தின் பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டி, தட்டையாக்கி, மண்ணிலிருந்து எடுத்த காவி, மஞ்சள், வெள்ளை, கறுப்பு வண்ணங்களால் வரைந்தவை. மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. முதலை, ஆமை, அலை, நெருப்பு. அழகாக இருக்கிறது என்று சொல்லி அடுத்த கூடத்துக்கு நகர்ந்தேன். மகள் வரவில்லை. சுவரில் இருந்த விளக்கத்தைப் படித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் தொடக்கநிலை நான்கு.

“அப்பா, இது கோர்ட்டுக்குப் போச்சாம். அப்ப இது படமா, பத்திரமா?”

பதில் தெரியாமல் நானும் படிக்கத் தொடங்கினேன். அன்று கப்பல் பார்க்கவே இல்லை.

கதை இதுதான். ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் ஆர்னம் லேண்ட் என்ற பகுதி இருக்கிறது. அதன் கிழக்குக் கரையோரம் வாழும் பூர்வகுடியினர் யோல்ங்கு மக்கள். 1996இல் அவர்களில் ஒருவர், கராங்காலி என்ற இடத்தில் யாரோ அனுமதியில்லாமல் கூடாரம் போட்டு மீன் பிடித்துவிட்டுப் போயிருந்ததைக் கண்டார். அங்கே ஒரு சாக்குப் பைக்குள் முதலையின் வெட்டப்பட்ட தலை கிடந்தது.

நமக்கு அது ஒரு விலங்கின் தலை. மடர்ப்பா குலத்தாருக்கு முதலை மூதாதை. ‘பாரு’ என்று பெயர். அந்தக் கரைக்குத் தீயைக் கொண்டுவந்ததும், அந்தக் கடலுக்குச் சட்டம் வகுத்ததும் பாருதான் என்பது அவர்கள் நம்பிக்கை. கராங்காலி அதன் இருப்பிடம். நம் குலதெய்வக் கோயிலுக்குள் யாரோ புகுந்து இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் கத்தி எடுக்கவில்லை. தூரிகை எடுத்தார்கள். ஜாம்பாவா மராவிலி என்ற குலத்தலைவரும் பிற மூத்தவர்களும் முன்னின்று அழைக்க, 47 ஓவியர்கள் 80 ஓவியங்களை வரைந்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் அதற்கே உரிய கோலம் உண்டு. ஒரு குலத்தின் கோலத்தை வேறு குலத்தார் தம் விருப்பத்துக்கு வரைய முடியாது. எந்த நீர், எந்த முகத்துவாரம், எந்தப் பாறை யாருடைய பொறுப்பு என்பதெல்லாம் அந்தக் கோலத்தில் இருக்கிறது. மகள் கேட்டது சரிதான். படமும்தான், பத்திரமும்தான்.

பத்திரத்தை நீட்டியது அதுவே முதல் முறையும் அல்ல. 1963இல் அவர்கள் நிலத்தின் ஒரு பகுதியை பாக்சைட் சுரங்கத்துக்காக அரசாங்கம் பிரித்தெடுத்தது. யிர்க்கலா என்ற ஊரின் மூத்தவர்கள், ஓரத்தில் ஓவியம் வரைந்த மரப்பட்டைகளில் தங்கள் மனுவைத் தட்டச்சு செய்து ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுரங்கம் நிற்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 1971இல் தீர்ப்பு வந்தது. உங்களிடம் ஒழுங்கான சட்டமுறை இருக்கிறது, ஆனால் எங்கள் சட்டம் ஏற்கும் சொத்துரிமை அதில் இல்லை என்றார் நீதிபதி. தோற்றார்கள்.

நான் கவனித்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் அரசாங்கம் கைகொடுத்தது. நில உரிமையை எப்படி வழங்கலாம் என்று ஆராய ஓர் ஆணையம் அமைத்தார்கள். விட்லம் அரசாங்கம் மசோதா தயாரித்தது. அந்த அரசாங்கம் போய், எதிரணியின் ஃபிரேசர் அரசாங்கம் வந்தது. மாற்றங்களோடு அதே மசோதாவை 1976இல் சட்டமாக்கியது. ஆட்சி மாறியும் வேலை நிற்கவில்லை. கொள்கையில் தலைமைத்துவம் என்று மேடைகளில் பேசுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சட்டம் தந்தது நிலத்தை. கடல்?

யோல்ங்கு மக்களின் பேச்சில் நிலமும் கடலும் ஒரே நாடுதான். ஆற்று நீர் எங்கே கடலில் கலக்கிறது, எந்த நீரோட்டம் எந்தக் குலத்தின் எல்லைக்குள் போகிறது என்று அவர்களிடம் கணக்கு இருக்கிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘சீ கண்ட்ரி’ என்கிறார்கள். கடல்நாடு என்று சொல்லிக்கொள்ளலாம். அரசாங்க வரைபடத்திலோ கரையில் ஒரு கோடு இருக்கிறது. அதற்கு அப்பால் எல்லாருக்கும் பொது.

அந்தக் கோடு எங்கே என்பதுதான் புளூ மட் விரிகுடா வழக்கு. ஓவியங்களும் சான்றாகப் பயன்பட்ட அந்த வழக்கு, ஆஸ்திரேலியாவின் ஆக உயரிய நீதிமன்றம் வரை போனது. 2008 ஜூலை 30ஆம் தேதி, ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கடல்நீர் ஆகக் கீழே வற்றும் இடம் வரை அவர்கள் நிலம். நீர் ஏறி அந்த நிலத்தை மூடினாலும் அவர்கள் அனுமதி இல்லாமல் அங்கே மீன் பிடிக்க முடியாது. வட ஆஸ்திரேலிய நிலப்பகுதியின் கரையோரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்தத் தீர்ப்புக்குள் வந்தது.

இதை அலுவலக நண்பர் ஒருவரிடம் கோப்பிக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். கப்பல் துறையில் இருப்பவர், விவரம் தெரிந்தவர். “என்னண்ணே, கடல் எல்லாருக்கும் பொது இல்லையா? ஒரு கூட்டத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்தா மத்தவன் எங்க போவான்?” என்றார்.

நியாயமான கேள்வி. தீர்ப்பு வந்ததும் அங்கேயும் பலர் இதையே கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர்கள் யாரையும் மறுநாளே விரட்டவில்லை. இடைக்கால ஏற்பாட்டில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்கள் தொடர்ந்து வந்தார்கள். பேச்சுவார்த்தை பல ஆண்டுகள் நீண்டது. அவர்கள் முதலில் கேட்டது மரியாதை: வருமுன் சொல், புனித இடத்தைத் தொடாதே. வற்றுக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் கடலில் அவர்களுக்கு இந்த அதிகாரம் இல்லை. 2001இல் குரோக்கர் தீவு வழக்கில், கடலில் பூர்வகுடி உரிமை உண்டு, ஆனால் பிறரைத் தடுக்கும் உரிமை இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“அப்ப கடற்பசுவை வேட்டையாடுறாங்களே, அது சரியா?” என்றார் விடாமல். தமிழக மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அந்தக் கடற்பசுதான். பூர்வகுடியினர் தங்கள் உணவுக்கும் சடங்குக்கும் கடற்பசுவையும் ஆமையையும் பிடிக்க ஆஸ்திரேலியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கடற்பசு மெதுவாகப் பெருகும் உயிர். கொஞ்சம் அதிகமாகப் பிடித்தாலும் இனம் குறைந்துவிடும். அரசாங்கம் தடை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் சண்டைதான் மிஞ்சியிருக்கும்.

பவளத்திட்டுக் கடலை நிர்வகிக்கும் ஆணையம் வேறு வழி கண்டது. கடலுக்கு உரிய குலத்தார் கூடிப் பேசி, எதை, எவ்வளவு, எந்தத் தேவைக்குப் பிடிக்கலாம் என்று தாங்களே வரம்பு வகுக்க வேண்டும். அதை ஆணையமும் குவீன்ஸ்லாந்து மாநில அரசும் அங்கீகரிக்கும். முதல் உடன்பாட்டைச் செய்தவர்கள் கிரிங்கன் கூட்டமைப்பின் கீழ் வரும் குலத்தார். ஆண்டு 2005. பிறகு மற்ற குலத்தாரும் செய்தார்கள். தாத்தா பாட்டி உட்கார்ந்து வகுத்த வரம்பை மீறுவது, அதிகாரி ஒட்டிய அறிவிப்பை மீறுவதுபோல் எளிதல்ல. நண்பர் கொஞ்சம் யோசித்தார். “அது என்னவோ உண்மைதான்” என்றார்.

உரிமை காகிதத்தில் இருந்தால் போதுமா? கடலைக் காக்கப் படகு வேண்டும், எண்ணெய் வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். 1992இல் யோல்ங்கு குலங்கள் திமுரு என்ற அமைப்பைத் தாங்களே தொடங்கின. அரசாங்கம் 1990களின் பிற்பகுதியில் ‘பூர்வகுடிப் பாதுகாப்புப் பகுதி’ என்ற முறையைக் கொண்டுவந்தது. நிலத்துக்கு உரியவர்கள் தாங்களாக முன்வந்து தங்கள் இடத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிப்பார்கள். நிர்வாகத் திட்டம் அவர்களுடையது. அரசாங்கம் பணமும் ஆதரவும் தரும். திமுருவின் பகுதி 2000இல் அறிவிக்கப்பட்டபோது கடலின் ஒரு பகுதியும் அதில் சேர்ந்தது. 2007இல் ரேஞ்சர் எனப்படும் காவலர்களுக்குச் சம்பளம் தரும் கூட்டரசுத் திட்டம் வந்தது. 2021இல் அறிவித்த 100 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் பெருங்கடல் திட்டத்தில், கடல்நாட்டுப் பாதுகாப்புப் பகுதிகளுக்கென்று 11.6 மில்லியன் ஒதுக்கினார்கள். அடுத்து வந்த அரசாங்கம் ரேஞ்சர்களின் எண்ணிக்கையை 2030க்குள் இரட்டிப்பாக்கி 3,800க்குக் கொண்டுசெல்வதாக உறுதி கூறியிருக்கிறது.

அந்த ரேஞ்சர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று நம்மையும் தொடுகிறது. கைவிடப்பட்ட மீன்வலைகள் கடலில் மிதந்துகொண்டே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். பேய் வலை என்று பெயர். கார்பெண்டாரியா வளைகுடாக் கரைக்கு இப்படி வரும் வலைகளில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுடையது அல்ல. தென்கிழக்காசியக் கடல்களில் மீன் பிடிக்கும் படகுகளிலிருந்து காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு வருபவை. மணலில் புதைந்த வலையை இழுத்து எடுப்பதும், அதில் சிக்கி உயிரோடிருக்கும் ஆமையை அறுத்து விடுவிப்பதும் அவர்கள் வேலை. ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருவதுண்டு. நம் வட்டாரத்தின் குப்பையை அவர்கள் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மனம் வரவில்லை. 100 மில்லியனில் 11.6 மில்லியன் என்பது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. திட்டப் பணம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மூத்தவரின் அறிவு அப்படிக் காத்திருக்காது. அவர் போனால் அதுவும் போய்விடும். திருட்டுத்தனமாக மீன் பிடிக்கும் படகைக் கண்டால், பெரும்பாலான ரேஞ்சர்களால் குறிப்பெடுத்துத் தகவல் சொல்லத்தான் முடியும். மீன்வளத்துறை ஆய்வாளருக்குரிய அதிகாரம் பெற்றவர்கள் சிலரே. வீட்டைக் காவல் காக்கச் சொல்லிவிட்டுச் சாவியைத் தராமல் வைத்துக்கொள்வது போன்றது இது.

இருந்தாலும், சுற்றிவளைத்து நான் புரிந்துகொண்டது ஒன்று. அந்தக் கடலைக் காப்பது எப்படி என்று யோல்ங்கு மக்களுக்கு அரசாங்கம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, “நீங்கள்தான் பொறுப்பு” என்று சட்டத்தில் எழுதி, சம்பளமும் தருவதே அதன் வேலையாக இருந்தது. செய்த இடங்களில் பலன் தெரிகிறது. தயங்கிய இடங்களில் வழக்குதான் நீண்டது.

சென்ற மாதம் சிலேத்தார் விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். மகள் இப்போது உயர்நிலைப் பள்ளி. சாலைப் பலகையைப் பார்த்து, “சிலேத்தார்னா என்னப்பா?” என்றாள். ஓராங் சிலேத்தார் என்ற கடல்மக்களைப் பற்றிச் சொன்னேன். ஜோகூர் நீரிணையின் இரு கரையிலும், சதுப்புநிலக் காடுகளுக்கு நடுவே படகையே வீடாக்கி வாழ்ந்தவர்கள். இன்று ஜோகூர்க் கரையோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். காடு குறைந்து, கடல் தூர்ந்து, மீனும் நண்டும் பிடிக்கும் இடம் சுருங்கிவிட்டது. இந்தப் பக்கம் விரைவுச்சாலைக்கும் விமான நிலையத்துக்கும் நீர்த்தேக்கத்துக்கும் அந்தப் பெயர் இருக்கிறது.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

“அவங்ககிட்டயும் ஏதாவது படம் இருக்குமாப்பா?”

கேட்டால் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன். இத்தனை ஆண்டுகள் இந்தச் சாலையில் போய் வந்த நான், ஒருநாளும் கேட்டதில்லை.