கத்தியின் மேல் விழும் பழி

ஸ்கேனில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், மருத்துவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு பேச்சுகள் அந்த வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. "கத்தி பட்டா பரவிடும்." "ஈரலுக்குப் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." கீரனூரிலும் கேட்டிருக்கிறேன், அறந்தாங்கியிலும் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பயத்தில் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். மைக் பிடித்து, மூலிகைப் பொடியை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு சொல்கிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டை மண்ணில் இது நடப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இவர்கள் எப்போதும் ஆக மோசமான நோயைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்கு ஏற்றிச் செல்லும் கீழ்ப் பெருஞ்சிரையின் சுவரிலுள்ள தசையில் முளைக்கும் புற்று அது. பெயர் லியோமயோசார்கோமா; சார்கோமா என்ற புற்று வகையைச் சேர்ந்தது. 1871இல் முதன்முதலாகப் பதிவானது. அதன்பின் உலக மருத்துவ ஏடுகள் முழுவதையும் புரட்டினாலும் சில நூறு பேர்தான் தேறுவார்கள். பெண்களுக்கே அதிகம் வருகிறது, பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய வயதில். முதுகுப் பக்கம் ஆழத்தில் வளர்வதால் நெடுநாள் வெளியே தெரியாது. நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவும்.

முதலில் கத்தி. இந்த நோய்க்கு அடிப்படைச் சிகிச்சையே அறுவைதான். கட்டியை உடைக்காமல், சுற்றியுள்ள நல்ல திசுவோடும் நோய் பிடித்த சிரைத் துண்டோடும் ஒரே பிண்டமாக எடுக்க வேண்டும். சில நேரம் வலது சிறுநீரகமும் சேர்ந்து போகும். எடுத்த இடத்தில் செயற்கைக் குழாய் பொருத்துவார்கள். அடைப்பு மெல்ல மெல்ல வந்து, உடல் தானாகவே மாற்றுச் சிரைகளை வளர்த்துக்கொண்டிருந்தால், குழாய்கூட வைக்காமல் கட்டிவிடுவதும் உண்டு. இப்படி முழுமையாக அகற்றியவர்கள் என்ன ஆனார்கள்? 218 நோயாளிகளைத் தொகுத்த பன்னாட்டுப் பதிவேடு ஒன்று 1996இல் வெளியானது. முழுமையான அறுவை நடந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டினார்கள்; பத்தில் மூன்று பேர் பத்தாண்டுகளைத் தாண்டினார்கள். கத்தி பட்டவர்கள் இவர்கள்!

பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? ஸ்கேன் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் நோய் எவ்வளவு என்று தெரியும். திறப்பார்கள்; எல்லா இடமும் பரவியிருக்கும்; ஒன்றும் செய்யாமல் தைத்துவிடுவார்கள். அடுத்த சில வாரங்களில் மரணம். வெளியே காத்திருந்த குடும்பத்துக்குக் கண்ணில் பட்டது கத்தி மட்டும்தான். முற்றிய பிறகு வந்ததன் விளைவைக் கத்தியின் கணக்கில் எழுதினார்கள். தலைமுறை மாறியும் கணக்கு மட்டும் மாறவில்லை.

சதைப் பரிசோதனைக்கு ஊசி போட்டால் பரவும் என்பதும் இதன் கிளைதான். வயிற்றின் பின்பக்கக் கட்டிகளில், உறையிட்ட ஊசியை முறையாகச் செலுத்தி எடுக்கும்போது, ஊசித் தடத்தில் புற்று விதைபடுவது மிக அரிது. எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை. அதே இடத்தில் நிணநீர்ப் புற்றும் வரும். அதற்குப் பெரும்பாலும் அறுவையே வேண்டாம், மருந்திலேயே கரையும். ஊசிக்குப் பயந்த குடும்பம், பிழைக்கக்கூடிய நோயாளியைப் பிழைக்காதவர் பட்டியலில் தானே சேர்த்துவிடுகிறது.

ஆனால், என்ன கட்டி என்று தெரியாமல் உள்ளேயே அரைத்தெடுத்தால் சார்கோமா சிதறும் என்பது உண்மை. கருப்பைக் கட்டிகளை அப்படி அரைத்தெடுக்கும் கருவியைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை அரைக்கும் கருவிக்கு எதிரானது. கட்டியை உடையாமல் எடுக்கும் அறுவைக்கு எதிரானது அல்ல.

அடுத்து ஈரல். கல்லீரலில் தெரியும் புள்ளி எல்லாம் பரவல் அல்ல. ஹீமாஞ்சியோமா என்ற தீங்கற்ற ரத்தக்குழாய் முடிச்சு நல்ல உடம்போடு இருப்பவர்களிடமே சாதாரணமாகக் காணப்படும். இந்த நோயில் இன்னொன்றும் உண்டு. கட்டி சிரையின் மேற்பகுதியை அடைத்தால் கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கும். ஈரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். பார்ப்பவர்கள் "பரவிடுச்சு" என்று முடிவுகட்டுகிறார்கள். உண்மையிலேயே பரவியிருந்தாலும், ஒன்றிரண்டு கட்டிகள் என்றால் வெட்டியெடுக்கலாம், சூட்டால் கருக்கலாம், அவற்றுக்குப் போகும் ரத்தத்தை அடைக்கலாம். எல்லாருக்கும் பொருந்தாது, யாருக்குப் பொருந்தும் என்று பார்த்த பிறகுதானே மறுக்க முடியும்?

அரிய நோய்க்கு மருந்தே கிடையாது என்கிறார்கள். பரவிய அல்லது அறுக்க முடியாத லியோமயோசார்கோமா உள்ள 150 பேரிடம் பிரான்சில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2024இல் வெளியானது. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டிய காலம்) சுமார் 24 மாதங்கள். டிராபெக்டெடின் என்ற மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 33 மாதங்கள். இது குணம் அல்ல. ஒரு பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்கப் போதுமான காலம். கீமோதான் ஆளைக் கொல்கிறது என்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

சாகத்தான் போகிறார்கள், எதற்குச் செலவு என்ற மனப்பான்மையை முத்துலட்சுமி ரெட்டியும் எதிர்கொண்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனைதான் அந்த மனப்பான்மைக்கு அவர் தந்த மறுப்பு.

இன்று புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனாலும் "இந்த வயசுல அவளுக்கு எதுக்கு ஆபரேஷன்" என்று வீட்டு ஆண்கள் பேசி முடிக்கும்போது, அந்தப் பழைய பேச்சு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. ஐம்பது வயதுப் பெண்ணை அதிகம் தாக்கும் நோயில் இது சின்ன விஷயம் அல்ல. ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு, சார்கோமா அறுவை செய்யும் ஒரு குழுவிடம் அந்தப் பெண்ணையே அழைத்துப் போங்கள்; அவர் காதுபட மருத்துவர் சொல்லட்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதன்பின் அவருடையது, பொடி விற்பவருடையது அல்ல.