வெற்று நிலம் என்றொரு பொய்

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு நல்கையோடு சில மாதங்கள் தங்கும் இந்திய ஆய்வாளர், விசா முடிவதற்குள் ஐஸ்லாந்தைப் பார்த்துவிட வேண்டுமென்று தீர்மானிக்கிறார். எக்செல் தாள் ஒன்று திறக்கப்படுகிறது. முதல் நாள் கோல்டன் சர்க்கிள், இரண்டாம் நாள் அருவிகளும் கருமணல் கடற்கரையும், மூன்றாம் நாள் பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி, ஏழாம் நாள் புளூ லகூன், பிறகு விமான நிலையம். அத்தாளின் எந்தக் கட்டத்திலும் ஒரு மனிதரின் பெயர் இல்லை. ஒரு நூலின் பெயர் இல்லை. அந்நாட்டில் ஒரு மொழி வழங்குகிறது என்பதற்கான தடயமும் இல்லை. காலனியப் பார்வையைக் கண்டித்து முந்நூறு பக்க ஆய்வேடு எழுதியவர் தீட்டிய பயணத்திட்டம் இது.

ஒரு நிலத்தை உரிமையாளர் அற்றது என்று அறிவித்துவிட்டுக் கைப்பற்றுவது பேரரசுகளின் பழைய உத்தி என்று கருத்தரங்குகளில் விளக்குவோர், ஐஸ்லாந்தைப் பற்றிப் பேசும்போது 'தீண்டப்படாத நிலம்', 'வேற்றுக்கிரகம்' என்னும் சொற்களைக் கூச்சமின்றிக் கையாள்கின்றனர். அந்நிலம் தீண்டப்படாதது அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேற்றம் தொடங்கியபோது தாழ்நிலங்களில் பிர்ச் மரக்காடுகள் பரந்திருந்தன. கோடரியும் ஆட்டு மந்தையும் அவற்றை அழித்தன; மண் காற்றில் போயிற்று. இன்று ஒளிப்படங்களில் வியக்கப்படும் வெறுமையின் ஒரு பெரும்பங்கு மனித வரலாறே. 1783இல் லாகி எரிமலைப் பிளவு திறந்து எட்டு மாதங்கள் தீக்குழம்பையும் நச்சுப்புகையையும் கக்கியது. கால்நடைகள் மடிந்தன, பஞ்சம் வந்தது, நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர். அந்தக் குழம்பு உறைந்த பாறைவெளியின் மேல் படர்ந்திருக்கும் பாசியைத்தான் பயணிகள் 'மெத்தைபோல் இருக்கிறது' என்று மிதித்துப் பார்க்கின்றனர். ஒரு காலடித் தடம் மறையப் பல ஆண்டுகள் ஆகும்.

இது வெறும் அழகியல் பிழை அன்று. விளைவுகள் உள்ள பிழை. 2015இல் ஜஸ்டின் பீபரின் காணொளியொன்றில் ஃப்யாத்ரார்கில்யுஃபர் பள்ளத்தாக்கு இடம்பெற்றது. அதன்பின் குவிந்த கூட்டத்தின் காலடியில் அங்கிருந்த பாசியும் செடிகொடிகளும் சிதைந்தன. 2019இல் பள்ளத்தாக்கையே மூட வேண்டியதாயிற்று. அதே 2015இல் வெளிவந்த 'தில்வாலே' திரைப்படத்தின் 'கெருவா' பாடல், 1973இல் தரையிறங்கிக் கைவிடப்பட்ட அமெரிக்கக் கடற்படை விமானத்தின் எச்சத்தை இந்தியருக்கு ஒரு காதல் மேடையாக அறிமுகப்படுத்தியது. திரைப்படம் அதைச் செய்யலாம். அதன் தொழில் அது. ஆய்வாளரும் அதையே வழிகாட்டி நூலாகக் கொள்வதைத்தான் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. 2023 நவம்பரில் கிரிண்டவிக் என்னும் மீன்பிடி ஊரின் மக்கள், ஏறத்தாழ நான்காயிரம் பேர், நிலநடுக்கங்களுக்கிடையே ஒரே இரவில் வெளியேற்றப்பட்டனர். 2024 ஜனவரியில் தீக்குழம்பு ஊருக்குள் நுழைந்து வீடுகளை எரித்தது. அதே காலத்தில் உலகெங்கும் பயணத்திட்டம் தீட்டியோர் கேட்ட கேள்வி, 'எரிமலையை எங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம்?' என்பதே. சென்னை வெள்ளத்தையோ வயநாட்டு நிலச்சரிவையோ ஒரு வெளிநாட்டுப் பயணி இப்படிக் கேட்டிருந்தால் எத்தனை கண்டன அறிக்கைகள் எழுந்திருக்கும்!

திட்டத்தில் விடுபட்டவை எவை என்று பார்த்தால் வெட்கம் இன்னும் கூடும். கோல்டன் சர்க்கிளில் நாற்பது நிமிடம் ஒதுக்கப்படும் திங்வெட்லிர், இரண்டு கண்டத்தட்டுகளுக்கிடையே நின்று படமெடுக்கும் இடம் மட்டும் அன்று. 930ஆம் ஆண்டளவில் அல்திங் என்னும் பேரவை கூடிய களம் அது. எழுத்து பரவாத அக்காலத்தில், சட்டம் உரைப்பவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்றாண்டுகளில் நாட்டின் சட்டம் முழுவதையும் நினைவிலிருந்து ஒப்பிப்பார். வாய்மொழி மரபை ஆராயும் இந்தியருக்கு இதைவிட நெருக்கமான இடம் ஐரோப்பாவில் எங்கே இருக்கிறது?

சுவடிகளின் கதையும் அத்தகையதே. ஆர்னி மாக்னுசொன் தேடித் திரட்டிய சுவடிகள் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்தன. 1728இன் தீயில் ஒரு பகுதி அழிந்தது. சுதந்திர நாடான பின்னும் ஐஸ்லாந்து தன் சுவடிகளைக் கேட்பதை நிறுத்தவில்லை. 1971 ஏப்ரல் 21 அன்று முதல் சுவடிகள் டென்மார்க்கின் போர்க்கப்பலில் ரெய்க்யாவிக் வந்தபோது, துறைமுகத்தில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றனர். இலண்டனிலும் பாரிசிலும் கிடக்கும் கீழைநாட்டுச் சுவடிகளுக்காகக் குரல் கொடுப்போர், திரும்பி வந்த சுவடிகளைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. கணினிக்கும் தொலைபேசிக்கும் சொந்தச் சொல் வழங்கும் மொழி அது. பேசுவோர் நான்கு லட்சத்துக்கும் குறைவு. கலைச்சொல்லாக்கம் இயலாதென்று கைவிரிக்கும் இந்தியப் பேராசிரியர்கள் அங்கே கற்க வேண்டியது அருவியின் உயரம் அன்று.

'விடுமுறையிலும் ஆராய்ச்சியா?' என்று கேட்கப்படும். ஆராய்ச்சி வேண்டா, வாசித்தல் போதும். ஒரே ஜூன் வாரத்தில் நள்ளிரவுச் சூரியனையும் துருவ ஒளியையும் எழுதிவைக்கும் திட்டங்கள், இருளாத இரவில் துருவ ஒளி தெரியாது என்னும் எளிய செய்தியைக்கூட வாசிக்காதவர்களின் கைவேலை. 'சுற்றுலாதானே அந்நாட்டைக் காப்பாற்றியது?' என்பது அடுத்த வாதம். உண்மைதான். 2008இல் வங்கிகள் சரிந்தபின் நாடு மீண்டதில் சுற்றுலாவுக்குப் பெரும்பங்கு உண்டு. 2010இல் ஏறத்தாழ ஐந்து லட்சமாக இருந்த பயணியர் தொகை 2017இல் இருபது லட்சத்தைத் தாண்டியது. ஆனால் பணம் கொடுத்ததனால் பார்க்காமலிருக்கும் உரிமை கிடைத்துவிடுவதில்லை. இந்த வாதத்தைத் தாஜ்மகாலுக்கு வரும் பயணி சொன்னால் அதே ஆய்வாளர் ஏற்பாரா?

நல்கைப் பணம் குறைவு, நாட்களும் குறைவு என்பது மெய். அதற்கு விடை திட்டத்தைச் சுருக்குவதே. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்ச் சுற்றுச்சாலையை ஏழு நாளில் ஓட்டித் தீர்ப்பதைவிட, ஓர் ஊரில் தங்கி, ஒரு தொல்கதையை மொழிபெயர்ப்பிலேனும் வாசித்து, அது நிகழ்ந்த பண்ணையைத் தேடி நடப்பது செலவும் குறைவு, சேதமும் குறைவு.

வாரணாசியின் படித்துறையில் ஒரு காலைப்பொழுது நின்றுவிட்டு 'இந்தியாவை உணர்ந்தேன்' என்று எழுதும் ஐரோப்பியரை இந்தியக் கல்விப்புலம் மன்னித்ததில்லை. அந்த அளவுகோல் கடல் கடந்தால் சுருங்கிவிடக் கூடாது. பிறர் நிலத்தை வெறும் காட்சியாகக் காண்பவருக்கு, தம் நிலம் அவ்வாறு காணப்படுவதை எதிர்க்கும் தகுதி இல்லை.