குவித்த கரண்டி



மாசி பிறந்துவிட்டது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் நாள் நெருங்குகிறது. அன்றைக்கு வெயில் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாகசாந்திக் கொட்டில் போடுகிறவர்கள் தேசிக்காய்க்கு இப்போதே சொல்லி வைத்திருப்பார்கள். நாம் இம்முறை கொட்டிலை விட்டுவிட்டு, வீட்டு அடுப்படியில் கரைக்கும் தேசிக்காய்த் தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

போத்தல் பானத்தைப் பிள்ளைகள் கேட்டால், "அதெல்லாம் வெறும் சீனித் தண்ணி, நான் கரைச்சுத் தாறேன்" என்று சொல்லாத வீடு இல்லை. நல்ல பேச்சுத்தான். ஆனால் கரைக்கும்போது கரண்டி எத்தனை தடவை சீனிப் போத்தலுக்குள் போய் வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கடைப் பானத்தில் ஒரு நிற வட்டம் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் அது சட்டம். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் கீழே என்றால் பச்சை. அந்த வட்டத்தை நம் டம்ளரிலும் ஒட்டிப் பார்ப்போம்.

டம்ளர் 200 மில்லிலீற்றர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். ஐந்து கரண்டி போட்டால் 20 கிராம், அதாவது 100 மில்லிலீற்றருக்கு 10. செம்மஞ்சளின் விளிம்பில் நிற்கிறோம். ஆறாவது கரண்டியோடு சிவப்பு. "நான் நாலு கரண்டிதானே போடுறன்" என்பீர்கள். நம் வீடுகளில் யார் வழித்துப் போடுகிறார்கள்? குவித்து அள்ளினால் ஒரு கரண்டியே 6, 7 கிராம் வரும். நாலு குவியலிலேயே சிவப்பைத் தொட்டுவிடலாம். போத்தலைக் குறை சொன்ன வாயால் அதே அளவு சீனியை நாமே பரிமாறுகிறோம்.

இவ்வளவு சீனி ஏன் தேவைப்படுகிறது என்று பார்த்தால், பாதிக் காரணம் நம் கைப்பழக்கம். குளிர்ந்த தண்ணீரில் சீனி மெதுவாகத்தான் கரையும். அடியில் தங்கியிருக்கும்போதே ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இனிப்புக் காணாது" என்று இன்னொரு கரண்டி போடுகிறோம். அடுத்தது ஐஸ். குளிர் கூடக்கூட நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும். ஐஸ் போட்ட டம்ளர் சீனி கேட்கும், மண்பானைத் தண்ணீருக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்றாவது, பிழியும் விதம். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிந்தால் விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கிக் கைப்பு இறங்கும். பிழிந்து நெடுநேரம் வைத்தாலும் கைக்கும். கைப்பை மறைக்க மறுபடியும் சீனி! விலை ஏறிய நாளில் ஒரு சொட்டையும் விட மனம் வராதுதான். அப்படியானால் காயை வெட்டுமுன் பலகையில் வைத்து உள்ளங்கையால் நன்றாக உருட்டுங்கள். முறுக்காமலே சாறு இறங்கும்.

சீனியைக் குறைக்க வழி நம் ஊரிலேயே இருக்கிறது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் ஏ9 வீதியில் போனால் பலாபத்வல வரும். வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் பேர்போன பக்கம் அது. வெளிநாட்டார் வந்த வேன்கள் நிற்கும். வழிகாட்டி ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டி, "இது என்ன, சொல்லுங்கள்" என்பார். மிளகுக் கொடி, கொக்கோ, சாதிக்காய், கறுவா, ஏலம் எல்லாம் காட்டுவார்கள். நம்மவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போவதோடு சரி. சீனிக் கரண்டியைக் குறைக்க அந்த வாசனைத் திரவியங்களே கைகொடுக்கும்.  

சரி, செய்முறைக்கு வருவோம். ஐந்து டம்ளர், அதாவது ஒரு லீற்றருக்குச் சொல்கிறேன். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு விரற்கடை இஞ்சியை நசுக்கிப் போட்டு, இரண்டு ஏலக்காயைத் தட்டி, சிறு துண்டு கறுவாப் பட்டையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இறக்கி, சூடு இருக்கும்போதே பத்து மட்டக் கரண்டிச் சீனியும் கால் கரண்டி உப்பும் போட்டுக் கலக்குங்கள். ஒரு மணியும் அடியில் தங்காது. நன்றாக ஆறிய பிறகே ஐந்து தேசிக்காயின் சாறு; சூட்டில் பிழிந்தால் வாசம் பறந்துவிடும். பானைத் தண்ணீர் விட்டு ஒரு லீற்றராக்குங்கள். வாசம் இன்னும் தூக்க வேண்டுமென்றால், கழுவிய ஒரு காயின் பச்சைத் தோலை மட்டும் லேசாகச் சுரண்டிப் போடலாம். எண்ணெய் இருப்பது அங்கேதான். உப்பு கைப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிவிடும். ஏலமும் கறுவாவும் இனிப்போடு பழகிய வாசங்கள் என்பதால் நாக்கு ஏமாந்துபோகும். கணக்குப் பார்த்தால் 100 மில்லிலீற்றருக்கு 4 கிராம். பிரஷர் உள்ளவர்கள் உப்பை விட்டுவிடலாம். பச்சை வட்டத்துக்கு ஆசைப்பட்டால் டம்ளருக்கு ஒரு கரண்டிகூடத் தேறாது. அதை நானும் குடிக்க மாட்டேன், உங்களையும் குடிக்கச் சொல்ல மாட்டேன்.

"வைட்டமின் சி இருக்கிறதே" என்று சிலர் சீனிக்குச் சமாதானம் சொல்வதுண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துச் சோடிக்கொரு மருந்து கொடுத்தபோது, தோடம்பழமும் பெரிய எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று எழுந்தார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படை நம் தேசிக்காய் இனத்துக்கு மாறியபோது பலன் குறைந்தது. 100 கிராம் தேசிச் சாற்றில் 30 மில்லிகிராம் அளவுதான் வைட்டமின் சி. ஒரு காயில் கிடைப்பது ஐந்தாறு மில்லிகிராம். அதற்காகவே குடிப்பதென்றால் வேலியோரத்துக் கொய்யாக்காயைப் பறித்துக் கடிக்கலாம், பல மடங்கு கூடுதல். தேசிக்காய்த் தண்ணியைத் தாகத்துக்கும் ருசிக்கும் குடியுங்கள், போதும்.

தாகசாந்திக்குப் பிழியப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தேசிச் சாறு பட்ட கையோடு வெயிலில் நிற்காதீர்கள். அந்தச் சாற்றிலும் காயின் தோலிலும் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டால் நம் தோலைச் சுட்டுவிடும்; ஓரிரு நாள் கழித்துக் கொப்புளம் எழும்பி, கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் கிடக்கும். எங்கே சுட்டுக்கொண்டோம் என்றே பலருக்குத் தெரியாது. நிழலில் இருந்து பிழிந்து, சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத் தேர் பார்க்கப் போங்கள். பித்தளை, அலுமினிய அண்டாவிலும் கரைக்க வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

உங்கள் வீட்டுத் தேசிக்காய்த் தண்ணியின் அளவை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். சீனி எத்தனை கரண்டி என்பதோடு, மட்டக் கரண்டியா குவித்த கரண்டியா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்