கல்யாணத்துக்குப் பதிலாக ஒரு பெயர்

கையில் ஒரு தாமரை மொட்டு. இன்னும் விரியவில்லை. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நிற்கிறாள் ஃப்ரசிக்ளேயா. தலையில் தாமரைக் கிரீடம், கழுத்தில் மாலை, காதில் தோடு. கல்யாணப் பெண்போல அலங்காரம். ஆனால், அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. இது அவள் கல்லறை மேல் நின்ற சிலை.

பண்டைய கிரேக்கர்கள் இளம்பெண் சிலைகள் நிறைய செய்தார்கள். இவற்றுக்கு 'கோரே' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு மணமாகாத பெண் என்று பொருள். பெரும்பாலானவை கோயில்களில் காணிக்கையாக வைக்கப்பட்டவை. யாரைக் குறிக்கின்றன என்றே சொல்ல முடியாது. ஃப்ரசிக்ளேயாவுக்கோ பெயர் இருக்கிறது.

அதைச் சொல்வது பீடத்துக் கல்வெட்டு. கல்லே பேசுவதுபோல எழுதியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் கொடுத்தது இந்தப் பெயரைத்தான். இனி என்றென்றும் அவள் 'கோரே'தான் என்பது அதன் சாரம். கல்யாணம் ஆகியிருந்தால் ஒரு நாள் உதிர்ந்துபோயிருக்கும் பெயர். பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்!

கல்யாணத்தன்று மணப்பெண் குளிக்க நீர் கொண்டுவரும் நீள்கழுத்துக் குடத்தை, மணமாகாமல் இறந்தவர்களின் கல்லறையில் வைக்கும் வழக்கம் ஏதென்ஸில் இருந்தது. நடக்காத சடங்கை மண்ணுக்கு மேலாவது நடத்திப் பார்க்கும் ஆசை!

சிலையைச் செதுக்கியவர் பாரோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்தியோன். அவர் பெயரும் பீடத்தில் உண்டு. காலம் கி.மு. 550 - 540 வாக்கில்.

பிறகு சிலையும் பீடமும் பிரிந்துவிட்டன. ஏதென்ஸுக்கு அருகே மெரெண்டா என்ற இடத்தில் ஒரு தேவாலயத்தின் கட்டடக் கல்லாகிப்போனது பீடம். 18-ம் நூற்றாண்டிலேயே அறிஞர்கள் அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டார்கள். பெயர் கிடைத்தது, பெண்ணைக் காணோம்.

1972-ல்தான் கிடைத்தாள். தேவாலயத்துக்குக் கொஞ்ச தூரத்தில், தொல்லியலாளர் மாஸ்ட்ரோகோஸ்தாஸ் தோண்டிய குழியில், ஓர் இளைஞன் சிலையோடு படுத்திருந்தாள். யாரோ பத்திரமாகப் புதைத்திருக்கிறார்கள். சிலையை நிறுத்த அடியில் ஊற்றியிருந்த ஈயம், பீடத்தின் குழிக்குச் சரியாகப் பொருந்தியது. அவள்தான்!

மண்ணுக்குள் இருந்ததால் சாயம்கூட முழுதாக அழியவில்லை. வெள்ளைப் பளிங்குதான் கிரேக்கச் சிலை என்று நினைப்பவர்களுக்கு அது ஆச்சரியம்தான். அவள் உடுத்தியிருந்தது பூப்போட்ட சிவப்பு ஆடை.

இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் தன் பீடத்தின் மேலேயே நிற்கிறாள். குழியில் கூடக் கிடந்த இளைஞனும் அங்கேதான் இருக்கிறான்.